கிடங்கின் கடிகாரம்: நியூட்டவுன் முதல் ‘கெர்ப்ளாம்!’ வரை

பிபிசி தொலைக்காட்சியின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரில், பதினொன்றாம் பருவத்தின் ஏழாவது கதையாக 2018 நவம்பர் 18 அன்று ஒளிபரப்பான ‘கெர்ப்ளாம்!’, மனிதர் சிறுபான்மையினராகவும் ரோபோக்கள் பெரும்பான்மையாகவும் வேலை செய்யும் மாபெரும் வணிகக் கிடங்கு ஒன்றைக் களமாகக் கொண்டது. பீட் மெக்டை எழுதி ஜெனிஃபர் பெரட் இயக்கிய அக்கதை கண்டோகா என்னும் கற்பனைக் கோளின் நிலவில் நிகழ்கிறது என்றாலும், அங்கே காட்டப்படும் வேலைமுறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்பூமியிலேயே நீண்ட வரலாறு உண்டு. பொருளை எடுத்துவரும் கைக்கு நேரம் குறிப்பதும், பிந்தியவர் மீது பழி சுமத்துவதும், வாங்குபவரின் கண்ணிலிருந்து உழைப்பவரை முற்றாக மறைத்துவிடுவதும் கணினிக்கும் ரோபோவுக்கும் பல பத்தாண்டுகள் முன்னரே கிடங்குத் தொழிலில் வேரூன்றிவிட்ட வழக்கங்கள். அவ்வழக்கங்கள் எப்படி, யாரால், எதற்காக உண்டாக்கப்பட்டன என்று பார்த்தால்தான் அக்கதை தன் முடிவில் வழங்கும் தீர்ப்பின் வலுவையும் வலுவின்மையையும் எடைபோட முடியும்.

அஞ்சல்வழி வணிகம், அதாவது வாங்குபவர் கடைப்படி ஏறாமலே விலைப்பட்டியலைப் பார்த்துக் கடிதம் எழுதிப் பொருளை வரவழைத்துக்கொள்ளும் முறை, பெரிய அளவில் உருப்பெற்ற தொடக்க இடங்களுள் ஒன்று வேல்ஸின் நடுப்பகுதியில் உள்ள நியூட்டவுன். கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற அந்தச் சிற்றூரில் துணிக்கடை நடத்திய பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் (1834–1920), ஃபிளானல் எனப்படும் மென்மையான கம்பளித் துணியின் மாதிரித் துண்டுகளையும் விலைப்பட்டியலையும் வெளியூர்ச் செல்வர்களுக்கு அனுப்பி, அவர்கள் எழுதிக் கேட்டதை ரயிலேற்றி விற்றார். தொலைவு எதுவாயினும் ஒரே கட்டணம் என்று 1840இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த ஒரு பென்னி அஞ்சலும், அதன்பின் அவ்வூர்வரை வந்துசேர்ந்த ரயில்பாதையும் இல்லாதிருந்தால் இவ்வணிகம் அந்த மாவட்டத்தைத் தாண்டியிருக்காது. 1879இல் ரயில் நிலையத்தை ஒட்டி அவர் எழுப்பிய ‘ராயல் வெல்ஷ் வேர்ஹவுஸ்’ என்னும் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. விக்டோரியா அரசியே அவருடைய வாடிக்கையாளராக இருந்தார். 1887இல் அவருக்குச் சர் பட்டமும் அளித்தார். இன்றைய உறக்கப்பைக்கு முன்னோடியான ‘யூக்லீசியா’ என்னும் விரிப்புக்கு 1876இல் காப்புரிமை பெற்றவரும் இவரே. பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1883இல் பார்சல் சேவையைத் தொடங்கியபோது இவருடைய வணிகம் மேலும் விரிந்தது. தமிழ் வாசகர்கள் வி.பி.பி. என்று அறிந்திருக்கும் முறை, அதாவது பொருளைக் கொண்டுவரும் தபால்காரரிடமே விலையைச் செலுத்தும் ஏற்பாடு, இந்தியாவில் 1877இல் தொடங்கியதையும் இக்காலப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

நியூட்டவுன் கட்டடத்தின் முக்கியத்துவம் அதன் அளவில் இல்லை. கடையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். துணியை எடுத்துப் போடும் பையன் களைத்திருப்பதையும், முதலாளி அவனை அதட்டுவதையும் வாங்க வந்தவர் கவனிக்க நேர்கிறது. அஞ்சல்வழி வணிகத்தில் இந்தப் பார்வை அறுபட்டது. கடிதம் போகிறது, பொதி வருகிறது. இடையில் நடந்தது வாங்கியவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. விற்பனை செய்யும் இடம் என்ற நிலையிலிருந்து, எடுத்துக் கட்டி அனுப்பும் இடம் என்ற நிலைக்குக் கடை மாறியபோது, கிடங்கு தனக்கென ஒரு தொழில் ஒழுங்கைத் தேட வேண்டியதாயிற்று.

அந்த ஒழுங்கு முழுமையாக உருவானது அமெரிக்காவின் சிகாகோ நகரில். ஆரன் மாண்ட்கோமரி வார்டு 1872இல் 163 பொருள்களின் விலையை ஒரே தாளில் அச்சிட்டு உழவர்களுக்கு அனுப்பித் தம் வணிகத்தைத் தொடங்கினார். சட்டைப்பைக் கடிகாரம் விற்பதில் 1886இல் இறங்கிய ரிச்சர்ட் சியர்ஸ், ஆல்வா ரோபக்குடன் கூட்டுச் சேர்ந்து, பிறகு வார்டையும் மிஞ்சினார். ஊர்க்கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்துப் பழகியிருந்த பண்ணைக் குடும்பங்களுக்கு, அச்சிட்ட விலை எல்லாருக்கும் ஒன்றே என்பது பெரிய விடுதலையாக இருந்தது. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கு இதன் பொருள் இன்னும் ஆழமானது. வெள்ளையர் நடத்திய கடைகளில் கடைசி ஆளாகக் காத்து நின்று, கடைக்காரர் மனம்வைத்துக் கொடுப்பதை வாங்கிச்சென்றவர்கள், கடிதம் எழுதியபோது நிறம் அறியப்படாத வாடிக்கையாளர்களாக நடத்தப்பட்டார்கள். வாங்குபவரின் முகம் தெரியாததால் இவ்வணிகம் செய்த நன்மை இது; உழைப்பவரின் முகம் தெரியாததால் விளைந்த தீமையைச் சொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கடிதங்கள் பெருகப் பெருகச் சியர்ஸ் நிறுவனம் திணறியது. ஒரே கடிதத்தில் ஒருவர் சட்டை, உழவுக் கருவி, வயலின், அடுப்பு என நான்கு துறைகளின் பொருளைக் கேட்பார். நான்கும் வெவ்வேறு மாடிகளிலிருந்து வெவ்வேறு நேரத்தில் வந்துசேரும். ஒன்று வராவிட்டால் மற்ற மூன்றும் தேங்கும். 1906இல் சிகாகோவின் மேற்குப் புறத்தில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் திறக்கப்பட்ட வளாகம் இந்தச் சிக்கலுக்கு நிறுவனம் கண்ட விடை. அதன் சரக்குக் கட்டடம் மட்டுமே ஏறத்தாழ 30 லட்சம் சதுர அடி. ரயில் தண்டவாளம் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தது. ஓடும் பட்டைகளும், மேல்மாடியிலிருந்து பொருளைத் தானாகக் கீழே வழுக்கிவிடும் சரிவுக் குழாய்களும், காற்றழுத்தத்தால் காகிதச் சுருளை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு உந்தும் குழாய்களும் நிறுவப்பட்டன. நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆணைகளை அவ்வளாகம் கையாண்டதாக நிறுவனமே பெருமையுடன் அறிவித்துவந்தது.

ஆயினும் அங்கே உண்மையான புதுமை இரும்பாலானது அன்று. அது ஒரு கால அட்டவணை. நிறுவனத்தின் செயற்பாட்டுத் தலைவராக இருந்த ஆட்டோ டோரிங் வகுத்த ஏற்பாட்டின்படி, வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்பவேண்டிய நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. அக்கடிதத்தில் கேட்கப்பட்ட பொருள்கள் எந்தெந்தப் பிரிவுகளைச் சேர்ந்தவையோ அந்தந்தப் பிரிவுகளுக்கெல்லாம் ஒரே 15 நிமிட இடைவெளி ஒதுக்கப்பட்டது. அந்த 15 நிமிடத்துக்குள் பொருள்கள் ஒன்றுசேர்க்கும் அறையின் குறிப்பிட்ட தொட்டிக்கு வந்துவிட வேண்டும். இடைவெளி முடிந்ததும் தொட்டியில் இருந்தவை கட்டப்பட்டன, ஏனெனில் அத்தொட்டி அடுத்த ஆணைக்குத் தேவைப்பட்டது. பிந்தி வந்த பொருள் தனிப் பொதியாகச் சென்றது. அதன் செலவும் தண்டமும் பிந்திய பிரிவின் கணக்கில் ஏறின. பிரிவுத் தலைவர் அந்தத் தண்டத்துக்கு அஞ்சி மேற்பார்வையாளரை விரட்ட, மேற்பார்வையாளர் அலமாரிகளுக்கிடையே ஓடும் இளைஞரையும் இளம்பெண்களையும் விரட்டினார். தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் கொண்டு அளக்க வேண்டும் என்று வாதிட்ட ஃபிரடெரிக் டெய்லரின் ‘அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்’ என்ற நூல் வெளிவந்தது 1911இல்தான். சிகாகோ கிடங்கு அதற்கு முன்பே கடிகாரத்தின் ஆட்சிக்குள் வந்துவிட்டது.

இக்கிடங்கில் ரோபோ எதுவும் இல்லை. ஆனால் தானியங்கிக் கிடங்கின் மூளை என்று இன்று சொல்லப்படுவது அங்கே ஏற்கெனவே இருந்தது. எந்தப் பொருள், எந்த நேரத்தில், எந்தத் தொட்டிக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் உழைப்பவர் கையிலிருந்தும் மேற்பார்வையாளர் கையிலிருந்தும் நீங்கி அட்டவணையிடம் சென்றுவிட்டது. அட்டவணைக்குப் பின்னால் மனிதர் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட், தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழும்பக் காரணமான பெருங்கொடையாளர். அதே மனிதர் 1913இல் இல்லினாய் மாநிலச் செனட்டின் விசாரணைக் குழுவின் முன் அமர்ந்து, தம் கிடங்கில் பெண்களுக்குத் தரப்பட்ட குறைந்த கூலியைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்ல நேர்ந்தது. கூலியை நிர்ணயித்ததும் பள்ளியைக் கட்டியதும் ஒரே கை என்பதால், கிடங்கின் கொடுமைக்குத் தீயவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முயற்சி வரலாற்றில் அவ்வளவாக உதவுவதில்லை. தேவைப்படுவது, அட்டவணையை யார் எழுதினார், யார் அதை எழுதும் உரிமை இல்லாதிருந்தார் என்ற ஆய்வு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். ஜான் மூர்ஸ் 1932இல் லிவர்பூலில் தொடங்கிய லிட்டில்வுட்ஸ் அஞ்சல்வழி வணிகம், அந்தந்தத் தெருவில் வாழும் பெண்களையே முகவராக்கித் தவணை முறையில் விற்று, பிரிட்டனின் உழைக்கும் குடும்பங்களுக்குள் புகுந்தது. இரண்டாம் உலகப் போர், பலகைத் தட்டின்மீது சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்கும் முறையைப் பரவலாக்கியது. ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோவில் பெர்டல்ஸ்மான் பதிப்பகத்துக்காக 1962இல் கட்டப்பட்ட, சுமார் 20 மீட்டர் உயர அலமாரிகளுக்கிடையே இயந்திரத் தூக்கி ஓடும் கிடங்கு, உயர் அடுக்குக் கிடங்குகளுக்கு வழிகாட்டியது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ட்ராய் நகரப் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாக வாசிக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைக் கோடுகளால் பொருளுக்கு இயந்திரம் வாசிக்கக்கூடிய எண்ணைச் சூட்டும் இம்முறை, கிடங்கைக் காட்டிலும் கடையின் கல்லாவுக்காகவே உருவாக்கப்பட்டது. எனினும் அதன் முழுப் பயனையும் நுகர்ந்தது கிடங்குதான்.

பார்கோடும் கணினியும் சேர்ந்தபோது கிடங்குத் தொழிலின் மிகப் பழைய அறிவு ஒன்று மதிப்பிழந்தது. எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது, எது வேகமாகப் போகும், எதை எதன்மேல் அடுக்கினால் சரியும் என்பவை ஆண்டுக்கணக்கில் அங்கே நடந்தவர் உடம்பில் சேர்த்துவைத்த அறிவு. அதனாலேயே பழைய ஆளை எளிதில் வெளியே அனுப்ப முடியாது. 1994இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெஃப் பெஸோஸ் தொடங்கிய அமேசான் நிறுவனம் தன் கிடங்குகளில் கைக்கொண்ட சிதறல் அடுக்குமுறை, அவ்வறிவுக்கு இடமே வைக்கவில்லை. இம்முறையில் ஒரே வகைப் பொருள் ஓரிடத்தில் இருக்காது. பொம்மைக்குப் பக்கத்தில் புத்தகமும், அதற்குப் பக்கத்தில் பல் துலக்கியுமாக, எங்கே இடமிருக்கிறதோ அங்கே வைக்கப்படும். வைப்பவர் ஸ்டோவர், அவர் பொருளின் பார்கோட்டையும் தட்டின் பார்கோட்டையும் ஸ்கேனரால் வாசித்தவுடன் கணினி நினைவில் கொள்கிறது. எடுப்பவர் பிக்கர், எங்கே போக வேண்டும் என்பதை அவர் கையிலிருக்கும் ஸ்கேனரின் திரை மட்டுமே அறியும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் நேற்றுச் சேர்ந்தவரும் அந்த அலமாரிகளின்முன் ஒரே அளவு அறியாதவர்களே. பண்டிகைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் தற்காலிக ஆட்களை எடுத்து, முடிந்ததும் அனுப்பிவிட முடிவதற்கு இந்த ஏற்பாடு அடிப்படையானது. தொழிலாளரிடமிருந்து அறிவைப் பிரித்தெடுத்தது ரோபோ என்ற பொதுக் கருத்து தவறு. ரோபோ வருவதற்கு முன்பே கைக்குள் அடங்கும் ஒரு ஸ்கேனர் அதைச் செய்து முடித்திருந்தது.

ரோபோவின் வருகைக்கு ஒரு தோல்வி காரணமாயிற்று. மளிகைப் பொருளை இணையம் வழியாக விற்க முயன்று, விலையுயர்ந்த தானியங்கிக் கிடங்குகளை எழுப்பி, 2001 ஜூலையில் திவாலான வெப்வேன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ், அந்தத் தோல்வியிலிருந்து கற்ற பாடத்தைக் கொண்டு பீட்டர் வர்மன், ரஃபாயெல்லோ டி’ஆண்ட்ரியா ஆகியோருடன் சேர்ந்து 2003இல் கீவா சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தார். பிக்கரின் நேரத்தில் பெரும்பகுதி நடையில் கழிகிறது. ஆகவே ஆள் அலமாரியைத் தேடிப் போவதற்குப் பதிலாக அலமாரி ஆளைத் தேடி வரட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். தரையோடு தாழ்ந்த ஆரஞ்சு நிற ரோபோ அலமாரியின் அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கிச் சுமந்து, வரிசையில் நிற்கும் மனிதரிடம் கொண்டுவரும். அமேசான் 2012இல் 77.5 கோடி டாலருக்குக் கீவாவை விலைக்கு வாங்கியது. தன் கிடங்குகளில் இயங்கும் ரோபோக்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டிவிட்டதாக 2025இல் அறிவித்தது.

நடை குறைந்ததால் உடல் இளைப்பாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது வேறு. நடக்கும் நேரம் மிச்சமானபோது அந்த நேரம் தொழிலாளருக்குத் திரும்பி வரவில்லை. மணிக்கு எத்தனை பொருள் எடுக்க வேண்டும் என்ற இலக்கு, அவர்கள் மொழியில் ‘ரேட்’, உயர்ந்தது. ஒரே இடத்தில் நின்றபடி குனிந்தும் எட்டியும் திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்வது தோளையும் முதுகையும் முழங்காலையும் தாக்கியது. அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி அமைப்பான ‘ரிவீல்’ 2020இல் வெளியிட்ட ஆய்வு, ரோபோக்கள் உள்ள அமேசான் கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் அவை இல்லாத கிடங்குகளைவிடக் கணிசமாக அதிகம் என்று காட்டியது. நிறுவனம் அம்முடிவை மறுத்தது. 1906இன் பதினைந்து நிமிடம் ஒரு பிரிவு முழுவதற்கும் பொதுவானது. அதற்குள் ஒருவர் மூச்சுவிட்டு நிற்க, இன்னொருவர் அவருக்காக ஓடிச் சரிக்கட்ட இடமிருந்தது. ஸ்கேனர் அளக்கும் நொடி தனி ஆளுக்குரியது. ஸ்கேன் செய்யாத இடைவெளியெல்லாம் ‘டைம் ஆஃப் டாஸ்க்’, அதாவது வேலை செய்யாத நேரம் என்று அவர் பெயரில் பதிவாகிறது.

வேல்ஸ் இந்த வரலாற்றில் மறுபடியும் இடம்பெறுவது இங்கேதான். ஸ்வான்சீ நகருக்கு அருகே 2008இல் திறக்கப்பட்ட அமேசான் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மறைகேமராவுடன் பதிவு செய்தவை, 2013 நவம்பரில் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒளிபரப்பாயின. ஒவ்வொரு பொருளையும் கண்டுபிடிக்க இத்தனை நொடி என்று கருவி குறைத்து எண்ணிக்கொண்டே வருவதும், தவறினால் அது ஒலியெழுப்புவதும், ஓர் இரவு வேலையில் அவர் ஏறத்தாழ 11 மைல் நடந்ததும் அதில் வெளியாயின. இத்தகைய வேலை உடல்நோய்க்கும் மனநோய்க்கும் உள்ள வாய்ப்பை உயர்த்தும் என்று பொதுச் சுகாதார அறிஞர் மைக்கேல் மார்மட் அந்நிகழ்ச்சியில் கருத்துரைத்தார். ஊழியரின் பாதுகாப்பே தன் முதன்மைக் கடமை என்பது நிறுவனத்தின் பதில். ஐந்தாண்டுகள் கழித்து, அதே பிபிசி, ஸ்வான்சீயிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள கார்டிஃபில் தயாரித்த தொடரில்தான் கெர்ப்ளாம் என்னும் கற்பனை நிறுவனம் தோன்றியது.

கதையின் சுருக்கம் இது. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் டாக்டர் என்னும் வேற்றுக்கோள்வாசியின் கலமான டார்டிஸுக்குள், புன்னகை பொறித்த முகமுள்ள கெர்ப்ளாம் ரோபோ ஒரு பொதியைக் கொண்டுவந்து கொடுக்கிறது; அதனுடன் வந்த சீட்டின் பின்புறத்தில் உதவி கேட்டு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. டாக்டரும் (ஜோடி விட்டேக்கர்) தோழர்களும் ஊழியராக வேடமிட்டுக் கிடங்குக்குள் நுழைகிறார்கள். மொத்த ஊழியரில் பத்தில் ஒரு பங்கேனும் மனிதராக இருக்க வேண்டும் என்று கண்டோகாவின் சட்டம் சொல்வதால் மட்டுமே அங்கே 10,000 மனிதர் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கணுக்காலில் கண்காணிப்பு வளையம் மாட்டப்படுகிறது. வேலைக்கு நடுவே பேசினால் ரோபோ வந்து கண்டிக்கிறது. மகளின் படிப்புக்காக அவளைப் பிரிந்து வாழும் டான் என்னும் பிக்கரும், கிடைத்த சிறு பரிசொன்றை வாழ்நாளெல்லாம் நினைத்து மகிழும் கீரா என்னும் பேக்கரும், அதாவது பொதி கட்டுபவரும், இக்கதையின் மிக உண்மையான பாத்திரங்கள். அமேசான் பெயரில் மீயொலி அலைகளால் ஊழியரின் கையசைவைப் பின்தொடரும் மணிக்கட்டுப் பட்டைக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட செய்தி அதே 2018இன் தொடக்கத்தில்தான் பரவலாக விவாதிக்கப்பட்டது. ஆகவே கணுக்கால் வளையம் அக்காலப் பார்வையாளருக்கு மிகையான கற்பனையாகத் தோன்றியிருக்காது.

பாதிக் கதைவரை நிறுவனமே குற்றவாளி என்று எண்ணவைத்து, பிறகு ஆசிரியர் திசையை மாற்றுகிறார். ஊழியர்கள் காணாமல் போவதற்குக் காரணம் துப்புரவு வேலை பார்க்கும் சார்லி என்னும் இளைஞன். தானியங்கிமயத்தால் தன் தலைமுறை வேலையிழந்ததைக் கண்டு கொதித்த அவன், பொதிகளில் சுற்றும் பபிள் ராப் என்னும் காற்றுக் குமிழ் உறைக்குள் வெடிப்பொருளை வைத்து, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரைக் கொன்று, மக்களுக்கு ரோபோக்களின் மேல் வெறுப்பை உண்டாக்கத் திட்டமிட்டிருக்கிறான். உதவி கேட்டுச் சீட்டு அனுப்பியது மனிதர் எவரும் அல்லர். கிடங்கை இயக்கும் கணினி அமைப்பே அதை அனுப்பியது. அவனுக்கு வலியை உணர்த்துவதற்காக, அவன் நேசித்த கீராவை அதே அமைப்பு கொல்கிறது. அப்படியிருந்தும் டாக்டர், அமைப்பில் பிழையில்லை, அதை மனிதர் பயன்படுத்தும் விதத்தில்தான் பிழை இருக்கிறது என்னும் பொருள்படப் பேசுகிறார். சார்லி வெடியில் மடிகிறான். நிறுவனம் ஒரு மாதம் மூடப்பட்டு, ஊழியருக்கு இரண்டு வார ஊதியத்துடன் விடுப்பு தரப்பட்டு, இனி மனிதரைக் கூடுதலாகச் சேர்க்க முயல்வோம் என்று மேலாளர்கள் சொல்வதோடு கதை முடிகிறது.

இம்முடிவு வெளியான நாள் முதல் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிவருவதில் நியாயம் இருக்கிறது. ‘டாக்டர் ஹூ’ தன் நீண்ட வரலாற்றில் பெருநிறுவனங்களை விட்டுவைத்ததில்லை. 1973இல் வந்த ‘தி கிரீன் டெத்’ கதையில், வேல்ஸின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றை நஞ்சாக்கும் வேதித்தொழில் நிறுவனத்தை ஆட்டுவிப்பது ஒரு கணினி; அது அழிக்கப்படுகிறது. 1977இன் ‘தி சன் மேக்கர்ஸ்’ கதையில் வரியாலும் உழைப்பாலும் மக்களைப் பிழியும் நிறுவனத்தை மக்களே எழுந்து வீழ்த்துகிறார்கள். 2017இன் ‘ஆக்ஸிஜன்’, மூச்சுக்காற்றையே விலைக்கு விற்று, லாபம் குறைந்ததும் ஊழியரைக் கொல்லத் துணியும் நிறுவனத்தைக் காட்டியது. இந்த மரபில் வந்த ஒரு கதை, கிளர்ச்சி செய்பவனைக் கொலைகாரனாகவும், ஒரு பெண்ணைக் கொன்ற அமைப்பைக் குற்றமற்றதாகவும் நிறுத்தியது ஒரு பெரும் சறுக்கல் என்றே கருத வேண்டும்.

ஆனால் விமர்சகர் பலர் காணத் தவறியது, இந்தச் சறுக்கலுக்கு அடியிலுள்ள வரலாற்றுப் பிழை. அமைப்பு என்பது யார் கைக்கும் வளைந்துகொடுக்கும் வெறும் கருவி, நல்லவர் கையில் நன்மையும் தீயவர் கையில் தீமையும் செய்யும் என்பது கதையின் அடிப்படை நம்பிக்கை. டோரிங்கின் அட்டவணை அப்படிப்பட்ட கருவியாகப் பிறக்கவில்லை. தாமதத்தின் சுமையை நிறுவனம் ஏற்பதா உழைப்பவர் ஏற்பதா என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அது எழுதப்பட்டது. அந்த விடை அதன் ஒவ்வொரு கட்டத்திலும் பதிந்திருந்தது. சிதறல் அடுக்குமுறையும் அவ்வாறே, அனுபவமுள்ளவரின் பேரம்பேசும் வலிமையைக் கரைத்துவிடும் ஏற்பாடாகவும் இருந்தது. அமைப்பைப் பயன்படுத்தும் விதத்தை அமைப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்று டாக்டர் நம்பலாம். 1906 முதல் கிடங்கில் நின்றவர்களுக்கு அந்தப் பிரிவினை ஒருநாளும் அனுபவமாகவில்லை.

வேலைக்கு மனிதரை வைத்தே ஆக வேண்டும் என்ற கண்டோகாச் சட்டமும் இதே குறையுடையது. கதையின் உலகில் தொழிலாளர் கேட்கத்தக்க ஒரே பொருள் வேலை. எத்தனை பேருக்கு வேலை என்பதே முழு வழக்கு. நிகழ்வுலகில் கிடங்குத் தொழிலாளர் எழுப்பிய கேள்வி வேறாக இருந்தது. கதை ஒளிபரப்பான ஐந்தாம் நாள், ‘பிளாக் ஃபிரைடே’ என்னும் ஆண்டுத் தள்ளுபடி விற்பனை நாளான நவம்பர் 23 அன்று, பிரிட்டனில் ஜி.எம்.பி. தொழிற்சங்கத்தினர் ரூஜ்லி உள்ளிட்ட ஊர்களின் அமேசான் கிடங்குகளுக்கு வெளியே, தாங்கள் ரோபோக்கள் அல்ல என்னும் முழக்கத்துடன் திரண்டார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அதே நாளில் வேலைநிறுத்தமோ ஆர்ப்பாட்டமோ நடந்தது. மூன்றாண்டுகளில் பிரிட்டன் கிடங்குகளுக்குச் சுமார் 600 முறை ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டதை அச்சங்கம் அந்த ஆண்டின் நடுப்பகுதியில் தகவல் உரிமை வழியாகப் பெற்று வெளியிட்டிருந்தது. அவர்களுக்கு வேலை இருந்தது. வேலையின் வேகத்தை யார் தீர்மானிப்பது என்பதே அவர்களுடைய வழக்கு.

சட்டமும் மெல்ல மெல்ல அந்தக் கேள்வியின் பக்கம் வந்தது. 2021 செப்டம்பரில் கையெழுத்தாகி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா மாநிலத்தின் ஏ.பி. 701 சட்டம், பெரிய கிடங்குகளின் முதலாளிகள் ஒவ்வோர் ஊழியருக்கும் அவருக்குரிய இலக்கு எவ்வளவு, அதை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று விதித்தது. உணவு இடைவேளையையோ கழிப்பறைக்குச் செல்வதையோ தடுக்கும் இலக்கை நிறைவேற்றும் கடமை ஊழியருக்கு இல்லை என்றும் அறிவித்தது. தன்மீது சுமத்தப்பட்ட இலக்கின் விவரத்தையும் தன் வேகம் பற்றிய பதிவையும் கேட்டுப் பெறும் உரிமை ஊழியருக்குக் கிடைத்தது. நியூயார்க் மாநிலமும் 2022இல் இதையொத்த சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில், அமெரிக்க அமேசான் கிடங்கு ஒன்றில் முதன்முறையாகத் தொழிற்சங்கம் வாக்கெடுப்பில் வென்றது; 2024இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜி.எம்.பி. மிகச் சில வாக்குகளில் அந்த வாய்ப்பை இழந்தது. டோரிங்கின் கிடங்கில் மேலிருந்து விதிக்கப்பட்ட அந்தக் கால அட்டவணை, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், கலிஃபோர்னியாவில் பிக்கர் ஒருவர் கேட்டால் அவரிடம் கொடுக்கப்பட்டே ஆக வேண்டிய ஆவணமாயிற்று.